கையில் குழந்தை, போனில் ஆட்குறைப்புச் செய்தி: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

"அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். பைன்டவுனில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கம்பெனியில் ஆறு வருஷமாக அக்கவுன்ட்ஸ் கிளார்க். மொத்தம் 34 பேர் வேலை செய்கிறோம். மாதச் சம்பளம் 10,400 ராண்ட். 2026 மார்ச் 2-ஆம் தேதியிலிருந்து பிரசவ லீவில் இருக்கிறேன். 19-ஆம் தேதி மகள் பிறந்தாள். ஜூலை 2-ஆம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். என் கணவர் அவர் பங்குக்குப் பத்து நாள் லீவு எடுத்தார்.

மே 18-ஆம் தேதி எச்.ஆர். மேடம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். கம்பெனியை மாற்றி அமைக்கிறார்களாம், என் போஸ்ட் இனி இல்லையாம், மே மாதக் கடைசியோடு கணக்கு முடிகிறதாம். ஆறு வாரச் சம்பளம் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று இருந்தது. என் லீவுக்காக நாலு மாதத்துக்கு எடுத்த பெண் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறாள். அவளை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள் என்று ஆபீஸ் தோழி சொல்கிறாள். போனில் கேட்டால், 'வேண்டுமானால் வேர்ஹவுஸில் நைட் ஷிப்டு இருக்கிறது' என்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகள், பிரசவ லீவில் இருப்பவளுக்குத்தான் முதலில் வேறு வேலை தர வேண்டும், அதுதான் சட்டம் என்கிறாள். கணவரும் மாமியாரும் வம்பு வேண்டாம், பணத்தை வாங்கிக்கொள் என்கிறார்கள். யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணமும் இன்னும் வரவில்லை. ஆறு வருஷம் சோறு போட்ட இடம் அக்கா, எதிர்த்து நிற்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

- பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு வரி அனுப்பியிருந்தேன்: "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்." வெள்ளிக்கிழமை நீங்கள் போகவில்லை என்று பதில் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன், இனி என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போது விரிவாக எழுதுகிறேன். ஆட்குறைப்பு நடக்கும்போதெல்லாம் இதே மாதிரி நாலைந்து பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரசவ விடுப்பில் இருப்பவரை ஆட்குறைப்பே செய்யக்கூடாது என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்லவில்லை. ஒரு கிளையையே மூடுகிறார்கள், கணக்குப் பிரிவு முழுவதையும் வெளியாளிடம் கொடுத்துவிடுகிறார்கள் என்றால், விடுப்பில் இருப்பவரின் வேலையும் மற்றவர்களுடையதோடு சேர்ந்து போகலாம். அது நியாயமான ஆட்குறைப்பாகவே இருக்கக்கூடும். அதனால் "நான் லீவில் இருக்கிறேன், என்னைத் தொட முடியாது" என்று அவர்களிடம் பேசாதீர்கள். உங்கள் கையில் அதைவிட வலுவான வாதங்கள் இருக்கின்றன.

முதல் வாதம் நோட்டீஸ் பற்றியது. பலருக்கும் இது தெரிவதில்லை, சில எச்.ஆர். ஆட்களுக்கும் தெரிவதில்லை. வேலைவாய்ப்பின் அடிப்படை நிபந்தனைகள் சட்டம், அதாவது 1997-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சட்டம், 37-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சட்டப்படி உரிய விடுப்பில் ஒருவர் இருக்கும்போது முதலாளி அவருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுக்கக்கூடாது. நோட்டீஸ் காலமும் விடுப்புக் காலமும் ஒன்றாக ஓடவும் கூடாது. நோட்டீஸ் காலம் விடுப்போடு சேர்ந்து ஓடலாம் என்ற விலக்கு நோய் விடுப்புக்கு மட்டும்தான். பிரசவ விடுப்புக்கு அந்த விலக்கு கிடையாது.

உங்கள் தேதிகளை இதில் வைத்துப் பார்ப்போம். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு நாலு வார நோட்டீஸ் தர வேண்டும். உங்களுக்கு அனுப்பியது மே 18, கணக்கு முடிப்பதாகச் சொல்வது மே 31. நாட்கள் போதவில்லை, கொடுத்த நேரமும் தப்பு. எல்லாம் ஒழுங்காக நடந்து, உண்மையிலேயே உங்கள் வேலை போகத்தான் வேண்டும் என்று முடிவானாலும், ஜூலை 2-க்கு முன் நோட்டீஸ் கொடுக்க முடியாது. அன்று கொடுத்தால் நாலு வாரம் முடிவது ஜூலை 29-ஆம் தேதி. அதுவரை நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர். ஜூலை மாதச் சம்பளமும் உங்களுக்குச் சேர வேண்டியது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். விடுப்பில் இருக்கும்போது உங்களோடு கலந்து பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. "லீவில் இருந்ததால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கூப்பிடவில்லை" என்று சில கம்பெனிகள் கரிசனம் போலச் சொல்வார்கள். ஆட்குறைப்புப் பேச்சு நடந்தால் உங்களையும் கட்டாயம் கூப்பிட வேண்டும். பச்சை உடம்பு, நேரில் வர முடியாது என்றால் போனிலோ வீடியோவிலோ பேசலாம், வேறு தேதி கேட்கலாம். கூப்பிட்டால் மறுக்காதீர்கள். மறுத்தால், "பேச வந்தோம், அவர்தான் வரவில்லை" என்று பிற்பாடு சொல்வார்கள்.

இனி, அவர்கள் நீட்டும் தாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை கெடு வைத்துத் தரப்படும் தாள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம், இது முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. இதில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே வேலைநீக்கம் என்ற பேச்சு போய்விடுகிறது. "என்னை நீக்கினார்கள்" என்று நீங்கள் சொன்னால், "இல்லை, ஒப்புக்கொண்டு போனார்" என்று அவர்கள் தாளைக் காட்டுவார்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் கெடு வைத்தது மட்டும் மிரட்டல் ஆகாது, அந்த வழக்குகளில் ஜெயித்தவர்கள் குறைவு. தாளில் "ராஜினாமா" என்ற சொல் இருந்தால் இன்னும் மோசம். தானாக வேலையை விட்டவருக்கு யூஐஎஃப்பின் வேலையின்மைப் பணம் கிடைக்காது.

சரி, இதற்கெல்லாம் அவர்கள் தருவது என்ன? ஆறு வாரச் சம்பளம். வேலை செய்து முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் மாதச் சம்பளத்துக்கு ஒரு வாரம் 2,400 ராண்ட், ஆறு வாரம் 14,400 ராண்ட். நியாயமாகவே ஆட்குறைப்பு செய்தாலும் தந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை இது. இதற்கு மேல் நாலு வார நோட்டீஸ் சம்பளம் 9,600 ராண்டும், எடுக்காமல் மிச்சமிருக்கும் ஆண்டு விடுப்புக்கான பணமும் சேர வேண்டும். ஆக, உங்கள் உரிமையை வாங்கிக்கொள்ள அவர்கள் ஒரு சென்டுகூடக் கூடுதலாகத் தரவில்லை, தர வேண்டியதிலும் குறைத்திருக்கிறார்கள். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கையில் வரும் பணம் பெரிதாகத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடாவிட்டாலும் அந்த 14,400 ராண்ட் எங்கும் ஓடிவிடாது.

கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அந்தக் கூச்சத்தோடு வளர்ந்தவள் நான். என் அம்மா டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்தவர். என்னைச் சுமந்தபோது வயிறு தெரியாமல் இருக்கத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓவரால் போட்டுக்கொண்டு ஏழாம் மாதம் வரை போனாராம். தெரிந்த வாரமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அப்போது அதைக் கேட்கச் சட்டம் இல்லை, அம்மாவும் கேட்கவில்லை. "அவங்க குடுத்த வேல, அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்றுதான் கடைசி வரை சொல்வார். அந்தக் கம்பெனி உங்களுக்குச் சோறு போட்டது என்கிறீர்கள். ஆறு வருஷம் மாதாமாதம் அவர்கள் கணக்கை முடித்துக் கொடுத்து நீங்கள் சம்பாதித்த சோறு அது. நடந்த விஷயத்தைக் கடிதத்தில் கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போனது வேலையா, இல்லை வேலை செய்தவளா?

ஆட்குறைப்பு என்றால் வேலையே இல்லாமல் போக வேண்டும். உங்கள் மேசை அங்கே இருக்கிறது, கணினி ஓடுகிறது, இன்வாய்ஸ் வருகிறது, அதை ஒருவர் பதிவு செய்கிறார். அந்த ஒருவர் உங்கள் விடுப்புக்காகத் தற்காலிகமாக வந்தவர். ஆறு வருஷம் இருந்தவரை அனுப்பிவிட்டு, நாலு மாதத்துக்கு வந்தவரை நிரந்தரம் ஆக்குவது எந்த மாற்றியமைப்பு என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். அந்தப் பெண்மேல் கோபப்படாதீர்கள், அவளுக்கும் வேலை வேண்டும். கேள்வியெல்லாம் கம்பெனியிடம்.

1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டம், அதாவது எல்ஆர்ஏ, 187-ஆம் பிரிவில் சில காரணங்களுக்காக ஒருவரை நீக்குவதைத் "தானாகவே அநியாயம்" என்கிறது. கர்ப்பம், கர்ப்பமாகும் எண்ணம், கர்ப்பத்தோடு தொடர்புடைய எந்தக் காரணமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "எந்தக் காரணமும்" என்ற சொல் அகலமானது, பிரசவ விடுப்பு எடுத்தது அதற்குள் வரும். இதோடு 186-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: பிரசவ விடுப்பு முடிந்து வருபவரைத் திரும்ப வேலையில் சேர விடாமல் தடுத்தால், அதுவே வேலைநீக்கம்தான். "நாங்கள் நீக்கவில்லை, இடம்தான் இல்லை" என்று அவர்கள் சொன்னாலும் சட்டம் அதை நீக்கம் என்றே எடுத்துக்கொள்ளும்.

கம்பெனி "குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது வியாபாரக் காரணம்" என்றுதான் சொல்லும். நீதிமன்றம் அந்தச் சொல்லோடு நின்றுவிடாது. இந்தப் பெண் விடுப்பில் போகாமல் தன் மேசையிலேயே இருந்திருந்தால் இவர் பெயர் இந்தப் பட்டியலில் வந்திருக்குமா என்று பார்க்கும். வந்திருக்காது என்றால், நீக்கத்துக்கு முதன்மையான காரணம் எது என்று அடுத்துப் பார்க்கும். நீங்கள் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விடுப்புதான் காரணமாக இருக்கும் என்று நம்பத்தக்க அளவுக்கு ஆதாரம் வைத்தால் போதும். பிறகு, அது காரணமில்லை என்று காட்ட வேண்டியது கம்பெனி.

உங்களிடம் அந்த ஆதாரம் இருக்கிறது: மாற்று ஆள் நிரந்தரமானது, உங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது, விடுப்பின் நடுவில் செய்தி வந்தது. தோழி சொன்னது வெறும் செவிவழிச் செய்தி. அவளைச் சாட்சிக்கு இழுத்து அவள் வேலைக்கும் ஆபத்து வரவழைக்க வேண்டாம். அதற்குப் பதில் தேதிகளைக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்கலாம். மாற்றியமைக்க முடிவெடுத்தது எப்போது? அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நீட்டியது எப்போது? இந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மற்றதை அவை பேசும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதி பற்றியும் சொல்ல வேண்டும். எல்ஆர்ஏவின் 189-ஆம் பிரிவுப்படி, ஆட்குறைப்பை யோசிக்கத் தொடங்கும்போதே கலந்து பேச அழைக்க வேண்டும், முடிவெடுத்த பிறகு தெரிவிப்பது செல்லாது. அந்த அழைப்பு எழுத்தில் வர வேண்டும். என்ன காரணம், வேறு என்ன வழிகளை யோசித்தார்கள், அவை ஏன் ஒத்துவரவில்லை, எத்தனை பேர், எந்தப் பிரிவு, எந்த விதியின்படி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்போது, எவ்வளவு பணம், பிற்பாடு இடம் வந்தால் திரும்ப எடுப்பார்களா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாலு வரி வாட்ஸ்அப் இதில் எதையும் சொல்லவில்லை. விதி பற்றி இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், அது நியாயமானதாகவும் ஆளுக்கு ஆள் மாறாததாகவும் இருக்க வேண்டும். கடைசியாக வந்தவர் முதலில் போவது நெடுநாளாக எல்லோரும் ஏற்கும் விதி. அதன்படி பார்த்தால் உங்கள் பெயர் வரவே வராது.

வெளியே பார்க்க நேர்மையாகத் தெரியும் சில விதிகளும் உண்டு. "கடந்த மூன்று மாத வேலைத்திறன்", "வருகைப் பதிவு", "புது சாஃப்ட்வேரில் பயிற்சி பெற்றவர்" என்று போடுவார்கள். மார்ச்சிலிருந்து வீட்டில் இருப்பவருக்கு எங்கிருந்து வருகைப் பதிவு வரும்? நீங்கள் இல்லாத நேரத்தில் கொடுத்த பயிற்சியை உங்களுக்கு எதிராகக் காட்டினால், அது விடுப்பையே குற்றமாக்குவது. இப்படி ஏதாவது சொன்னால் உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

லண்டன் சித்தி மகள் சொன்னது உண்மை, ஆனால் அவர் ஊருக்கு. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு விதிமுறைகளில், பிரசவ விடுப்பில் இருப்பவரின் வேலை போகும் நிலையில் பொருத்தமான காலியிடம் இருந்தால் அதை அவருக்குத்தான் தர வேண்டும் என்று இருக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல் அந்தப் பாதுகாப்பு, கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்து குழந்தைக்கு 18 மாதம் ஆகும் வரை நீண்டிருக்கிறது. நல்ல விதி, இங்கேயும் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆனால் நம் சட்டத்தில் அந்த முன்னுரிமை இல்லை. அதைக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் சேர்த்தால் உங்கள் மற்ற நல்ல வாதங்களுக்கும் மதிப்புக் குறையும். வேறு இடம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேட வேண்டிய கடமை இங்கேயும் உண்டு. அதைக் கேளுங்கள்.

நைட் ஷிப்டு பற்றி. தகுந்த மாற்று வேலையைக் காரணமில்லாமல் மறுத்தால் ஆறு வாரப் பணத்தைத் தராமல் விட 41-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. "வேண்டுமானால்" என்று போனில் சொன்னது அதற்காகவும் இருக்கலாம். அதனால் வாயால் "வேண்டாம்" என்று முடித்துவிடாதீர்கள். என்ன வேலை, என்ன சம்பளம், என்ன நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை செய்வது இரவு வேலை. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, இரவு வேலை செய்ய வேண்டியிருக்கும் தாய்க்கு, முடிந்தவரை, நிபந்தனைகள் குறையாத பொருத்தமான மாற்று வேலை தர வேண்டும் என்று அதே 1997 சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மகளுக்கு ஆறு மாதம் ஆவது செப்டம்பர் 19. கணக்கெழுதியவரை, பால் குடிக்கும் குழந்தையை வைத்திருப்பவரை, இரவில் மூட்டை எண்ணக் கூப்பிட்டால் அதை மறுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

இப்போது எழுத வேண்டிய கடிதம். மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போடுங்கள். கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"மே 18 அன்று அனுப்பிய செய்தி கிடைத்தது. நான் ஜூலை 1 வரை பிரசவ விடுப்பில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் நோட்டீஸ் கொடுக்க 37-ஆம் பிரிவு இடம் தரவில்லை. எனவே அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்றதாக மே 31-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும். நான் ராஜினாமா செய்யவில்லை, பிரிந்து போகவும் சம்மதிக்கவில்லை. ஜூலை 2 காலை வேலைக்கு வருவேன். ஆட்குறைப்பை யோசிப்பதாக இருந்தால் 189-ஆம் பிரிவின்படி எழுத்தில் அழைக்கவும், கலந்து பேசத் தயாராக இருக்கிறேன். மாற்றியமைக்க முடிவெடுத்த தேதி, கணக்குப் பிரிவில் யார் யாரைப் பரிசீலித்தீர்கள், எந்த விதியில் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள், என் விடுப்புக்காக எடுத்தவரின் இப்போதைய நிலை என்ன என்ற விவரங்களைத் தரவும்."

ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளச் சிரமம் என்றால் என் அலுவலகத்தில் எழுதித் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

இங்கேதான் பலர் தடுமாறும் இடம் வருகிறது. "ஜூலை 2-ஆம் தேதி போய்ப் பார்ப்போம், அப்புறம் புகார் கொடுப்போம்" என்று காத்திருக்காதீர்கள். அநியாய வேலைநீக்கப் புகாரை நீக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில், அதாவது தொழிலாளர் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் ஆணையத்தில், கொடுக்க வேண்டும். கம்பெனி மே 31 என்று தேதி போட்டிருக்கிறது. செய்தியைத் திரும்பப் பெறாவிட்டால் அந்த 30 நாள் ஜூன் 30-ஆம் தேதி முடிந்துவிடும். ஜூலை 2-ஆம் தேதி கதவு சாத்தப்பட்ட பிறகு ஓடினால் "தாமதம்" என்பார்கள், ஏன் தாமதம் என்று தனியாக மனு போட்டுக் கெஞ்ச வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தாலே புகார் கொடுக்கலாம், கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளை என்று தள்ளாமல் ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

7.11 என்ற படிவம், கட்டணம் இல்லை. நிரப்பி ஒரு நகலைக் கம்பெனிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றோடு டர்பன் சிசிஎம்ஏ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். எந்த வகைத் தகராறு என்று கேட்கும் இடத்தில் "ஆப்பரேஷனல் ரிக்வயர்மென்ட்ஸ்" (வியாபாரக் காரணம்) என்பதை மட்டும் குறித்துவிட்டு வராதீர்கள். கர்ப்பத்தோடு தொடர்புடைய தானாகவே அநியாயமான நீக்கம் என்பதையும் எழுதுங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதற்கு வக்கீல் வர முடியாது, நீங்கள் யூனியனில் இருந்தால் யூனியன் ஆள் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான். பாதி வழக்குகள் அங்கேயே படியக்கூடியவை. உங்கள் தேதிகளைக் கமிஷனர் எதிரில் சொன்னதும் கம்பெனி பேச்சை மாற்றினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

படியவில்லை என்றால், சமரசம் ஆகவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதிலிருந்து 90 நாளுக்குள் லேபர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், டர்பனிலேயே அமர்கிறது. ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தால் சிசிஎம்ஏ நடுவரிடமே விசாரணை கேட்கும் வழியும் உண்டு, சீக்கிரம் முடியும், செலவு குறைவு. ஆனால் கர்ப்பம் சார்ந்த வழக்கை, இரு தரப்பும் சம்மதித்தால் ஒழிய, அங்கே முடிக்க முடியாது. சாதாரண அநியாய நீக்கத்துக்கு இழப்பீடு 12 மாதச் சம்பளம் வரை, உங்களுக்கு 1,24,800 ராண்ட். தானாகவே அநியாயமான நீக்கத்துக்கு 24 மாதம் வரை, 2,49,600 ராண்ட். இவை உச்ச அளவுகள், எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்காது. வேலையைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். எந்த வழியில் போவது என்பதைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு தொழிலாளர் வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க முடியாது என்றால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பாருங்கள். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு தலையில் விழுமோ என்று உங்கள் மாமியார் கேட்பார். தொழிலாளர் வழக்குகளில் அது தானாக விழுவதில்லை.

லேபர் கோர்ட்டுக்கு வந்த ஒரு பழைய வழக்கை இங்கே சொல்ல வேண்டும். இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு தாய், ஒரு மாத விடுப்பு போதும் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கு வயிற்றுவலி, இரவெல்லாம் அழுகை. இன்னும் கொஞ்ச நாள் கேட்டார், வேலையை எடுத்துவிட்டார்கள். சட்டம் தந்த நாலு மாதத்தை ஒப்பந்தம் போட்டுக் குறைக்க முடியாது, இது கர்ப்பத்தோடு தொடர்புடைய நீக்கம் என்று தீர்ப்பாகி 20 மாதச் சம்பளம் கிடைத்தது. அவரும் முதலில் தயங்கி ஒப்புக்கொண்டவர்தான்.

உங்கள் கணவரின் பத்து நாள் பற்றி ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, இருவரும் வேலை செய்யும் பெற்றோருக்கு மொத்தம் நாலு மாதமும் பத்து நாளும் விடுப்பு, அதை அவர்கள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் எடுத்த நாலு மாதமும் அவர் எடுத்த பத்து நாளும் அதற்குள் சரியாக அடங்குகின்றன. "நீங்கள் அதிகம் எடுத்துவிட்டீர்கள்" என்று யாராவது குழப்பினால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக யூஐஎஃப். பிரசவப் பணம் சம்பளத்தில் 66 சதவீதம், உங்களுக்கு மாதம் 6,864 ராண்ட் வரை வர வேண்டும். பிறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம், அதனால் உரிமை போய்விடவில்லை. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் முதலாளி தர வேண்டிய யூஐ-19, யூஐ-2.7 படிவங்கள் வராததோ, தேதி பொருந்தாததோதான். இரண்டையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். யூஐ-19-இல் வேலை முடிந்த தேதி என்று மே 31-ஐயோ, காரணம் என்று ராஜினாமாவையோ எழுதியிருந்தால் ஏற்காமல் திருத்தச் சொல்லுங்கள். பிரசவப் பணம் வாங்கியதால் பிறகு வேலையின்மைப் பணம் குறையாது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஜூலை 2 காலையில் எப்போதும் போகும் நேரத்துக்குக் கிளம்பிப் போங்கள். துணைக்குக் கணவரை வாசல் வரை கூட்டிப் போங்கள். உள்ளே விடாவிட்டால் சண்டை வேண்டாம். யார் தடுத்தார், என்ன சொன்னார், மணி என்ன என்று அங்கேயே நின்று போனில் எழுதி எச்.ஆருக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுங்கள். கம்பெனியின் பதில் கடிதம் எப்போது வந்தாலும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஜூன் 30-ஐ என் காலண்டரிலும் சுழித்து வைத்திருக்கிறேன். 20-ஆம் தேதிக்குள் படிவம் கொடுத்த செய்தி வராவிட்டால் நானே உங்களைக் கூப்பிடுவேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா